"எனக்காக ஜெபிச்சுக்கோங்க": சபையில் ஆலோசனை ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் படிக்கட்டு ஓரத்தில் நிற்கிறார். கையில் மடக்கிய குடை. அதன் பட்டியைச் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடியும் சுற்றுகிறார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "டீச்சர், எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்கிறார். என்ன காரியம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, மனசு சரியில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நம் சபைகளில் "எனக்குக் கவுன்சிலிங் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. ஜெபக் குறிப்பு என்ற வாசல் வழியாகத்தான் வருவார்கள். "கண்டிப்பா ஜெபிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஜெபிக்கிறேன். இந்த வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோமா? புதன்கிழமை நாலு மணிக்கு வர முடியுமா?" நாளும் நேரமும் சொல்லிக் கேட்க வேண்டும். "எப்ப வேணா வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள்.

பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் ஆயர் கேட்டுக்கொண்டதால் இந்த ஊழியத்துக்கு வந்தேன். பயிற்சி எடுத்துக்கொண்டதும், செய்து பார்த்துத் திருத்திக்கொண்டதும்தான் இங்கே இருக்கிறது. சொல்லும் சம்பவங்களில் ஆட்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எம்மாவு சாலை

இந்த ஊழியத்தை ஆற்றுப்படுத்துதல் என்றும் சொல்கிறோம். ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவான். தான் பெற்றதை வைத்து அடுத்தவருக்கு வழிகாட்டுவது அழகான வேலை. ஆனால் அந்தப் பாணன் கூட நடப்பதில்லை. லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் இயேசு கூடவே நடக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் வாசிக்கக் கொடுப்பது அந்தப் பகுதியைத்தான்.

எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏழெட்டு மைல் தூரம். இரண்டு சீஷர்கள் துக்கமுகத்தோடு போகிறார்கள். இயேசு சேர்ந்து நடந்து, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். "எருசலேமில் நடந்தது உமக்குத் தெரியாதா?" என்கிறார்கள். அவரைவிட அதை அறிந்தவர் யார்? ஆனாலும் "எவைகள்?" என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் வாயால், தங்கள் வரிசையில், ஏமாற்றம் உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறார்கள். வேதவாக்கியங்களை அவர் விளக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஊர் வந்ததும் அவர்கள் வீட்டுக்குள் தானாக நுழையாமல், அப்பாலே போகிறவர்போலக் காட்டுகிறார். வருந்திக் கேட்ட பிறகே தங்குகிறார். அப்பம் பிட்டதும் அவர்கள் கண்கள் திறக்க, அவர் மறைந்துபோகிறார். அந்நேரமே எழுந்து எருசலேமுக்குத் திரும்பி நடக்கிறவர்கள் அவர்கள்தான்.

கூட நடப்பது, கேட்பது, அதன் பிறகு வசனம், அழைத்தால் உள்ளே போவது, கடைசியில் நாம் மறைவது. ஆலோசனையின் போக்கு முழுவதும் இந்த வரிசையில் அடங்குகிறது. வசனத்தைக் கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்தால் மற்றதெல்லாம் கோணலாகிவிடும்.

எங்கே உட்காருவது

பார்வைக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. ஆலயத்தை ஒட்டிய அறையில் கதவைத் திறந்துவைத்து உட்காரலாம். வெளியே ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையோ வேறு யாரோ கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆணும் பெண்ணும் பேசும்போது இதில் தளர்வே வேண்டாம். பெண்களுடன் பெண்கள் பேசும் ஏற்பாடு இருந்தால் நல்லது. நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். அழுகிறவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் வேண்டும். ஒரு செம்பில் தண்ணீர். உங்கள் செல்போனை அணைத்துவிடுங்கள், சைலன்ட் போதாது.

ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரம் தெரிந்தால், சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் வரும். பலர் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் உண்மையான காரியத்தைத் தொடுவார்கள்.

மருமகளை மாமியார் கூட்டிவருவார், மகனை அப்பா கூட்டிவருவார். கூட்டிவந்தவர் பேச்சையும் ஐந்து நிமிடம் மரியாதையாகக் கேளுங்கள். பிறகு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நான் இவங்ககிட்ட தனியா பேசிட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். உடன் இருக்கும்போது வரும் பதில்கள் உடன் இருப்பவருக்கானவை.

ரகசியமும் அதன் எல்லையும்

முதல் அமர்வில், அவர் பேசத் தொடங்கும் முன்பே இதைச் சொல்ல வேண்டும். நான் சொல்வது இப்படி: "நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும். உங்க சம்மதம் இல்லாம ஆயர்கிட்டகூட சொல்லமாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்குதுன்னா, நான் உதவி கூப்பிடுவேன். கூப்பிடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்."

பிள்ளைகள் விஷயத்தில் இது சட்டமும்கூட. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் காவல்துறையில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. போதகர், மூப்பர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று யார் சொன்னாலும் இணங்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்பதுதான் சபையின் மானம்.

ரகசியம் நம் இடங்களில் எப்படி ஒழுகுகிறது தெரியுமா? ஜெபத்தின் வழியாக. ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, குடிக்கிற கணவனோடு போராடுகிற, மூன்றாவது தெருவில் இருக்கிற உம்முடைய மகளை நினைத்தருளும்" என்று ஜெபித்ததை நான் கேட்டிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தப் பெண் அதன் பிறகு அந்தச் சபைப் பக்கமே வரவில்லை. நீங்கள் கேட்டதை உங்கள் வீட்டு அறையில் கதவைப் பூட்டி ஜெபியுங்கள். கூட்டத்தில் அல்ல, கணவனிடமோ மனைவியிடமோகூட அல்ல.

மொண்டெடுப்பது

"மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர்போலிருக்கிறது, புத்திமானோ அதை மொண்டெடுப்பான்" என்கிறது நீதிமொழிகள் 20:5. கிணற்றில் இறைத்தவர்களுக்குத் தெரியும், வாளி தண்ணீரைத் தொடும் வரை கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டதும் வெடுக்கென்று இழுத்தால் பாதி வாளிதான் வரும். வாளி சரிந்து, நிறைந்து, கனம் கையில் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். ஆலோசனையில் அந்தக் கயிறு உங்கள் மௌனம்.

என் முதல் வருடத்தில், பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைப் பற்றிப் பேசினார். அன்றைக்குக் காலையில் அது வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். "எடுத்துப் போடுடான்னு சொல்ல வாய் வந்துச்சு டீச்சர்" என்றவர் நிறுத்திவிட்டார். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று வசனம் இருக்கே ஐயா" என்றேன். அவர் துண்டை நான்காக மடித்தார். "சரிங்க டீச்சர்" என்று எழுந்து போனார். திரும்ப வரவில்லை. சொல்லவந்து சொல்லாமல் போன அந்த ஒரு வார்த்தையின் பாரத்தைத்தான் அவர் இறக்கிவைக்க வந்திருந்தார். நான் வசனத்தால் அதை மூடிவிட்டேன். வசனம் சத்தியம்தான். வேளைதான் தப்பு. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல என்று நீதிமொழிகள் 25:20 சொல்வதை அதற்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

யோபின் சிநேகிதர்களும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகே பாரமானார்கள்.

ஆகவே மௌனம் வந்தால் மனதுக்குள் மெதுவாக இருபது வரை எண்ணுங்கள். பெரும்பாலும் பதினைந்துக்குள் அவரே பேசுவார். பிறகு அவர் சொன்னதை உங்கள் சொல்லில் சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: "அன்னைக்குக் காலையில சொல்லாம விட்டதுதான் உங்களை விடாம பிடிச்சிருக்கு, அப்படித்தானே?" தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் திருத்துவார். அந்தத் திருத்தம் உங்களுக்குக் கிடைக்கும் பொக்கிஷம்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்பது நம் ஊரில் விசாரணை. "எப்பத்துல இருந்து?", "அப்ப என்ன நடந்துச்சு?", "அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?", "இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். அமர்வின் பாதியில் ஒருமுறை, "நான் உங்களுக்கு என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பர்திமேயு குருடன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் இயேசு இதையேதான் கேட்டார். பதில் பல நேரம் நாம் நினைத்ததாக இருக்காது. கணவனைத் திருத்தித் தரக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்த ஒரு பெண், "எனக்கு ஒரு வேலை வாங்கிக்கொடுக்க முடியுமா?" என்றார்.

தூக்கம், சாப்பாடு

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். அவன் சாப்பிட்டுத் தூங்கினான். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி ஓரேபில், நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. முதல் அமர்விலேயே தூக்கம், பசி, உடல்நோய், மாத்திரை, குடி, கடன் ஆகியவற்றைக் கேட்டுவிடுங்கள். பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன தாய் காரணமில்லாமல் அழுதால் அதை ஆவிக்குரிய குறையாகப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூன்று பேருக்கு மூன்று வேலை

கேட்டு முடித்த பிறகுதான் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி. எனக்கு இதில் கைகொடுப்பது 1 தெசலோனிக்கேயர் 5:14. "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." ஒரே வசனத்தில் மூன்று விதமான ஆட்கள், மூன்று விதமான வேலைகள். நம்மில் பலர் வருகிற எல்லாருக்கும் புத்தி சொல்கிறோம். மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழமுடியாதவரிடம் "காலையில் எழுந்து ஜெபிக்கிறதில்லை, அதனால்தான்" என்பது பலவீனனைத் தாங்க வேண்டிய இடத்தில் புத்தி சொல்வது. சீட்டுப் பணத்தைக் கையாடிவிட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது என்று வருகிறவரை வெறுமனே தேற்றி அனுப்புவதும் அதே அளவு தப்பு. அவருக்கு அறிக்கையும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் வேண்டும். ஒருவரே வேறு வேறு வாரத்தில் வேறு வேறு ஆளாக வரலாம். எல்லாருக்கும் பொதுவானது கடைசியில் சொன்ன நீடிய சாந்தம் மட்டும்தான்.

உயிர் ஆபத்து இருக்கும்போது

"இருந்து என்ன பிரயோஜனம்", "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "தூங்கினா எந்திரிக்கக் கூடாது" என்ற பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. ஒளித்துவைத்ததைச் சொல்ல ஒரு வழி திறக்கிறது. ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ சேர்த்துவைத்த மாத்திரையோ இருந்தால், அன்றைக்கே அதை அப்புறப்படுத்த நம்பகமான ஒருவரை அவருடைய சம்மதத்தோடு வரவழையுங்கள். தனியாக அனுப்பாதீர்கள். "தற்கொலை பண்ணினா நரகம்" என்று பயமுறுத்தாதீர்கள். வருகிறவர் ஏற்கெனவே நரகத்தில்தான் இருக்கிறார்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். போலீஸ் கேஸாகிவிடுமோ என்று குடும்பங்கள் பயந்து மறைக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடி வாங்குகிறவர் வந்தால்

இங்கே வழக்கமான முறை பொருந்தாது. கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். உங்கள் முன்னால் அவர் சொன்ன உண்மைக்கு வீட்டில் போய் அடி விழும். "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தை இந்தப் பெண்ணிடம் நீட்டுவது வேதத்தையே தடியாக்குவது. அதே எபேசியர் 5-இல் கணவனுக்குச் சொன்ன வசனங்கள்தான் அதிகம். தள்ளிவிடுதலை வெறுக்கிறேன் என்கிற மல்கியா 2:16-ஐக் காட்டி வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள், அதே வசனம் கொடுமையையும் சேர்த்துக் கடிந்துகொள்வதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மன்னிப்பது என்பது திரும்பப் போய் அடி வாங்குவது அல்ல. முதலில் பாதுகாப்பு: இன்றிரவு எங்கே தங்குவார், பிள்ளைகள் எங்கே, ஆதாரும் வங்கிப் புத்தகமும் யார் கையில். பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அங்கே போக வேண்டுமா என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். கூடப் போவது நம் வேலை.

வசனமும் ஜெபமும்

"உங்களுக்காக இப்ப ஜெபிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் சரி. ஜெபம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அவர் சொன்ன வார்த்தைகளையே ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்குச் சொல்லத் தயங்கிய புத்திமதியை ஜெபத்துக்குள் நுழைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு "இவருடைய கோபத்தை எடுத்துப்போடும்" என்றால் அது ஜெபம் அல்ல, மறைமுகமாகத் திட்டுவது.

துக்கத்தில் இருப்பவரிடம் வாக்குத்தத்தத்தைவிடப் புலம்பல் நன்றாகச் சேரும். சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று கேட்கிறது. சங்கீதம் 88 கடைசி வரை ஆறுதல் வராமலே முடிகிறது. இப்படிப் பேசவும் வேதத்தில் இடமுண்டு என்று தெரிந்ததும் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அமர்வுக்கு ஒரு பகுதி போதும், அதையும் அவரே வாசிக்கட்டும். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியோ இஸ்லாமியச் சகோதரரோ வந்தால், அவர்களின் துயரத்தை மதமாற்றத்துக்கான சந்தர்ப்பமாக்காதீர்கள். கேட்டால் உங்கள் நம்பிக்கையைச் சொல்லலாம். கேட்காவிட்டால் அன்பு மட்டும் போதும்.

அடுத்தடுத்த அமர்வுகள்

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு சிறிய அடியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். "இந்த வாரம் அண்ணனுக்கு ஒரு போன் பண்றேன்" என்பது போதும். "குடும்பத்தோட சமாதானமாகணும்" என்பது ஒரு வாரத்து வேலை அல்ல. அடுத்த முறை அந்த அடியிலிருந்து தொடங்குங்கள். செய்யவில்லை என்றால் கடிந்துகொள்ளாமல் எது தடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால் இன்னும் அனுபவமுள்ள ஒருவரிடம் அனுப்ப வேண்டும். குறிப்பேட்டில் பெயர் எழுதாதீர்கள், தேதியும் இரண்டு வரியும் போதும்.

மனநல மருத்துவரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவல்ல. குரல்கள் கேட்கிறது என்பவர், பல நாள் தூங்காமலே உற்சாகமாக இருப்பவர், குடியை நிறுத்தியதும் கை நடுங்கிப் பிதற்றுகிறவர் ஆகியோர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உபவாசத்தில் உட்காரவைத்து நாளைக் கடத்தாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதைச் சொல்லிப் பொறுமையாக இருக்க உதவுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) பாகாயம் மனநல மையம், 1957-இல் தொடங்கிய காலத்திலிருந்தே குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்ததற்குப் பேர்போனது. அனுப்பிய பிறகும் கைவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை ஒரு போன் செய்யுங்கள்.

உங்களுக்கும் ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறை, பெயர் சொல்லாமல், மூத்த ஆலோசகர் ஒருவரிடம் உங்கள் பாரத்தை இறக்கிவையுங்கள். கலாத்தியர் 6-இல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுல், மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே என்கிறார். எது உங்கள் தோளுக்கு, எது அவர் தோளுக்கு என்று பிரிக்கத் தெரியாமல் ஒரே வருடத்தில் ஓய்ந்துபோன நல்ல ஊழியர்களை எனக்குத் தெரியும். வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையம் போன்ற இடங்களில் முறையான பயிற்சி கிடைக்கிறது. முடிந்தவர்கள் போய்ப் படியுங்கள்.

அமர்வுகள் முடிந்த பிறகு அவரை ஆலயத்தில் பார்ப்பீர்கள். நாலு பேர் முன்னால் "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று அழுத்திக் கேட்காதீர்கள். குடையோடு நின்ற அந்தப் பெண் ஏழு முறை வந்தார். எட்டாவது புதன்கிழமை, இனி வரவேண்டிய அவசியம் இல்லை என்று இருவரும் பேசி முடிவுசெய்தோம். அடுத்த ஞாயிறு நல்ல மழை. படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றார். குடையை விரித்து, பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த ஒரு பாட்டியையும் அதற்குள் சேர்த்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தார்.